உபவாசம் முடித்த பாற்சோறு

அந்தப் பெந்தெகொஸ்தே ஞாயிறன்று சபை மண்டபத்தில் எங்கள் வீட்டார் எல்லோரும் இருந்தோம். இரவு வேலை முடித்து நித்திரை கொள்ளாமல் வந்த அப்பா கடைசி வரிசையில் இருந்தார். அம்மா முதல் வரிசையில். டேனிஷ் மொழியில் மட்டும் கோபப்படத் தெரிந்த என் அக்கா அம்மாவுக்குப் பக்கத்தில். அம்மாவின் தமக்கையான பெரியம்மாவும் பெரியப்பாவும் அவர்களுடைய இரண்டு பெண்பிள்ளைகளும் வந்திருந்தார்கள். கிழமை நாட்களில் தளபாடத் தொழிற்சாலையின் லொறி ஓட்டி, ஞாயிற்றுக்கிழமையில் மட்டும் கோட்டுப் போடுகிற போதகர் இருந்தார். சன்னலோரக் கதிரையில், இரண்டு பக்கமும் வெறும் கதிரைகளோடு, சிங்கள அன்ரி இருந்தார்.

வராதவர் ஒருவர்தான். மாமா. அம்மாவுக்கும் பெரியம்மாவுக்கும் ஒரே தம்பி. அக்காமார் இருவரும் டென்மார்க்கில், ஹேர்னிங் நகரத்தில். தம்பி வன்னியில், போர் சுருங்கிச் சுருங்கிக் கடலோடு ஒட்டவைத்த ஒரு துண்டு நிலத்தில். எனக்கு அப்போது ஒன்பது வயது. மாமாவை நான் நேரில் கண்டதில்லை, தொலைபேசியில்தான் பழக்கம். "மருமேன், அங்கை பனிக்குள்ளை விளையாடுறனியோ?" என்று ஒவ்வொரு முறையும் கேட்பார், ஆடி மாதத்திலும் அதையே கேட்பார். மாமாவுக்கு டென்மார்க்கில் வேறு காலநிலை கிடையாது. கடைசியாக மாசி மாதம் பேசினார். "பங்கருக்குள்ளை இருக்கிறம் அக்கா. பிள்ளையளை ஜெபிக்கச் சொல்லுங்கோ" என்றார். பனியைப் பற்றிக் கேட்கவில்லை. அதற்குள் லைன் அறுந்துவிட்டது.

அன்று முதல் அம்மாவின் தொலைபேசி குசினி சன்னலில் மின்வயரோடு கிடந்தது. அம்மா குளிக்கும்போது அதைக் காவல் பார்ப்பது என் வேலை.

சித்திரையில் போதகர் நாற்பது நாள் சங்கிலி உபவாசம் அறிவித்தார். ஒவ்வொரு நாளும் ஒரு குடும்பம் உண்ணாமல் இருந்து ஜெபிப்பது. மறுநாள் அடுத்த குடும்பம் கண்ணியைப் பிடிப்பது. பெந்தெகொஸ்தே ஞாயிறன்று எல்லோரும் கூடித் திருவிருந்து எடுத்து, பிறகு கஞ்சி குடித்து முடிப்பது. மற்றவர்கள் தங்கள் தங்கள் நாளை எடுத்தார்கள். அம்மா நாற்பது நாளையும் எடுத்தார். காலையும் மதியமும் ஒன்றும் இல்லை. இரவில் ஒரு துண்டுப் பாணும் தேத்தண்ணியும். கடைசி மூன்று நாள் தண்ணீர் மட்டும். சலவைத் தொழிற்சாலையில் நாள் முழுக்க நின்று ஆஸ்பத்திரிக் கட்டில் விரிப்புகளை மடிக்கிற வேலைக்கும் அந்த வயிற்றோடுதான் போய்வந்தார்.

நானும் ஒரு நாள் முயன்று பார்த்தேன். டேனிஷ் பள்ளிக்கூடத்தில் ஒரு பிள்ளை மதியச் சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்காமல் இருப்பது சின்ன விடயம் இல்லை. வயிறு நோகிறதா என்று ரீச்சர் கேட்டார். இல்லை, கடவுளுக்காக என்றேன். அவர் முகம் மாறியது. அடுத்த அரை மணித்தியாலத்தில், இரவு வேலை செய்து படுத்திருந்த அப்பா சேர்ட்டை உட்புறம் வெளியாகப் போட்டுக்கொண்டு பள்ளிக்கூட வாசலில் நின்றார். அவர் தன் டேனிஷ் அத்தனையையும் செலவழித்து ரீச்சருக்கு விளங்கப்படுத்தினார். அது போதவில்லை. கடைசியில் ரீச்சரின் கண்முன்னாலேயே ஈரல் விழுது பூசிய கறுப்புப் பாணை என் வாயில் திணித்தார்.

"உன்ரை பங்கை நான் பிடிக்கிறன். நீ தின்."

"நீங்கள் சாப்பிட்டிட்டுத்தானே அப்பா வந்தனீங்கள்?"

"வாயை மூடிக்கொண்டு தின்னடா."

அப்பாவைப் பெரிய விசுவாசி என்று சொல்லமுடியாது. அம்மாவுக்குக் கார் ஓட்டத் தெரியாது, அதனால் அவர் ஒரு ஞாயிறும் தவறாமல் சபைக்கு வந்தார்.

சிங்கள அன்ரியைப் பற்றிச் சொல்லவேண்டும். அவர் நீர்கொழும்புப் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பம். ஒரு டேனிஷ்காரரைக் கட்டி, எங்களுக்கெல்லாம் முன்னரே ஹேர்னிங்குக்கு வந்தவர். கணவர் காலமாகிவிட்டார், பிள்ளைகள் இல்லை. அம்மா சலவைத் தொழிற்சாலையில் புதிதாகச் சேர்ந்தபோது, டேனிஷில் ஒரு சொல்லும் தெரியாமல் நின்ற அவருக்குப் பக்கத்து மேசையிலிருந்து சைகையால் வேலை பழக்கியவர் அவர்தான். பஸ் பழக்கியவரும் அவர்தான். நான் பிறந்த அன்று அப்பா வேலையில் நின்றதால் அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய், விடியும்வரை கையைப் பிடித்தபடி நின்றவரும் அவர்தான். "இவனை முதல் தூக்கினது சிங்களக் கை, அதுதான் தமிழ் ஏறுதில்லை" என்று பெரியப்பா பகிடி விடுவார். அன்ரிதான் எல்லோரையும்விட உரக்கச் சிரிப்பார்.

அவர் அம்மாவை "நங்கி" என்று கூப்பிடுவார். சிங்களத்தில் தங்கை. அம்மா அவரை அக்கா என்பார். டேனிஷ் கோவிலில் சனம் ஜெபிப்பதைவிடக் கோப்பி குடிப்பது அதிகம் என்று குறைப்பட்டு அன்ரி எங்கள் சபைக்கு வரத் தொடங்கினார். தமிழ்ப் பாட்டுப் பாதி விளங்காது. ஆனால் கைதட்டலில் ஒருநாளும் பிழைவிடமாட்டார். அவருடைய முறை வரும்போது பாற்சோறு கொண்டுவருவார். தேங்காய்ப்பாலில் குழையக் காய்ச்சி, தட்டத்தில் அமத்தி, சாய்சதுரமாக வெட்டியிருப்பார். சபைப் பிள்ளைகள் நாங்கள் ஓரத்துத் துண்டுகளுக்கு அடிபடுவோம். பெரியவர்களும் வெட்கப்படாமல் இரண்டாம் முறை வரிசையில் நிற்பார்கள். பெரியம்மாகூட ஒருமுறை எப்படிக் காய்ச்சுவது என்று கேட்டுப் போனார்.

வைகாசி நடுப்பகுதியில் போர் முடிந்தது. அந்த நாட்களில் எங்கள் வீட்டில் தொலைக்காட்சி நிற்கவேயில்லை. பெரியவர்கள் பஸ் பிடித்துக் கொப்பன்ஹேகன் போய் வீதியில் நின்று கோசம் போட்டுவிட்டு, தொண்டை கட்டித் திரும்பி வந்தார்கள். கடைசியில் ஒரு மாலை, இலங்கையின் தெற்கில் வீதிகளில் கொடிகளோடு சனம் ஆடுவதைக் காட்டினார்கள். பட்டாசு. வாகனங்களை மறித்துப் போகிற வருகிறவர்களுக்கெல்லாம் பாற்சோறு கொடுத்தார்கள். எனக்கு அந்தத் துண்டுகளை உடனே அடையாளம் தெரிந்தது. நல்லவேளை, வாய் திறக்கவில்லை.

பெரியம்மா எங்கள் செற்றியில் இருந்து அதைப் பார்த்தார். அழவில்லை. "எங்கடை செத்தவீட்டுக்கு அவை சோறு காச்சுகினம்" என்றார். பிறகு அம்மாவின் பக்கம் திரும்பினார். "அவவை இனி வரவேண்டாமெண்டு சொல்லு."

"ஆரை?"

"ஆரை எண்டு தெரியாதோ உனக்கு? உன்ரை மற்ற அக்காவை."

அம்மா தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்தார். "சபை என்ரை வீடே அக்கா, வராதையுங்கோ எண்டு சொல்ல?"

"அப்ப இனி ஆருக்கடி இந்த உபவாசம்? எல்லாம் முடிஞ்சுதே."

"தம்பிக்குத்தான். எங்கையாவது காம்பிலை இருப்பான். நாப்பது நாளும் முடியட்டும்."

பெரியம்மாவின் கோபத்தில் ஒரு சொல்லும் பொய் இல்லை. இதை எழுதுகிற இந்த நேரத்திலும் அதைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்தத் தம்பியை இடுப்பில் சுமந்து வளர்த்தவர் அவர். அவருடைய கோபம் போவதற்கு ஓர் இடம் வேண்டியிருந்தது. ஹேர்னிங்கில் அதற்குக் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது ஒரே ஒரு சிங்களப் பெண்.

பெந்தெகொஸ்தே காலையில் சூரியன் நடனமாடும் என்பது டேனிஷ்காரரின் பழைய பேச்சு. ரீச்சர் வகுப்பில் சொல்லியிருந்தார். நான் வெள்ளெனவே எழும்பி அதைப் பார்க்கக் குசினி சன்னலுக்குப் போனேன். அங்கே, தொலைபேசிக்குப் பக்கத்தில், அம்மா முழங்காலில் இருந்தார். மூன்று நாளாகத் தண்ணீர் மட்டும் குடித்த முகம். கன்னத்தெலும்பில் வெளிச்சம் படிந்திருந்தது. நான் சொன்ன கதையைக் கேட்டுவிட்டு அவரும் எழுந்து வந்து என்னோடு நின்று பார்த்தார்.

"ஆடினதோ?"

"தெரியேல்லை அம்மா. கண் கூசுது."

"கூசினால் ஆடினதுதான்" என்றார் அம்மா.

டேனிஷ் சபையொன்று ஞாயிறு பின்னேரங்களில் எங்களுக்கு வாடகைக்கு விட்ட மண்டபம் அது. அன்று கதிரைகள் போதவில்லை, ஆனாலும் சிங்கள அன்ரிக்குப் பக்கத்தில் ஒருவரும் இருக்கவில்லை. போதகர் அன்பைப் பற்றி நீளமாகப் பிரசங்கித்தார். அதன்பின் திருவிருந்து. எங்கள் சபையில் ஒரு வழக்கம் உண்டு: அப்பத்தை எடுக்குமுன் கொஞ்ச நேரம் பாட்டில்லாமல், பேச்சில்லாமல் விடுவார்கள். ஆரோடாவது மனவருத்தம் உள்ளவர்கள் எழும்பிப் போய் அவருடைய கையைப் பிடித்து ஒப்புரவாகவேண்டும். மற்ற நாட்களில் அது பாதி விளையாட்டுப் போலத்தான் நடக்கும். புருசன் பெண்சாதிகள் பகிடியாகக் கைகொடுத்துக்கொள்வார்கள். அன்று ஒருவரும் அசையவில்லை. அம்மா மட்டும் எழுந்து சன்னலோரம் போய்ச் சிங்கள அன்ரியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டு வந்தார். பெரியம்மா தன் மடியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சின்னச் சின்னதாக வெட்டிய பாணும், கடையில் வாங்கும் கருஞ்சிவப்புப் பழச்சாறும் எல்லோருக்கும் போனது. எல்லோரும் எடுத்தோம். பெரியம்மாவும் எடுத்தார். சிங்கள அன்ரியும் எடுத்தார்.

ஆராதனை முடிந்து மேசைகளை இழுத்துப் போட்டோம். கஞ்சி பெரியம்மா காய்ச்சியது. பெரிய பானை, மூடியைத் திறந்ததும் மண்டபம் முழுக்க வாசம். ஆனால் ஒருவரும் கை வைக்க முடியாது. யார் ஆகக் கூடுதலாக உபவாசம் இருந்தாரோ அவருக்குத்தான் முதல் உணவு. அவர் வாயில் வைத்தபின்தான் மற்றவர்களுக்கு. இதுவும் வழக்கம். நான் அம்மாவின் வாயையே பார்த்துக்கொண்டு நின்றேன். எனக்கு அவ்வளவு பசி.

பெரியம்மா கிண்ணத்தில் கஞ்சி வார்த்து அம்மாவின் முன்னால் கொண்டுவந்தார். அதே நேரம் குசினிக் கதவைத் தோளால் தள்ளித் திறந்துகொண்டு சிங்கள அன்ரி வந்தார். கையில் வெள்ளித்தாள் மூடிய தட்டம்.

"நங்கி, வெறும் வயிறு. பால் நல்லது. மெதுவா, கொஞ்சம் கொஞ்சம் சாப்பிட ஏலும்" என்றபடி தாளை விலக்கினார்.

"பாற்சோறு!" என்று நான் கத்தினேன்.

அக்கா என் தோளில் கிள்ளினாள். ஏன் கிள்ளினாள் என்று எனக்கு விளங்கவில்லை. அத்தனை முகங்களும் அந்த வெள்ளைத் துண்டுகளைப் பார்த்தபடி உறைந்திருந்தன. சிங்கள அன்ரி மட்டும் சிரித்துக்கொண்டு நின்றார். அவர் வீட்டுத் தொலைக்காட்சியில் டேனிஷ் செய்தி மட்டும்தான் வரும். எங்கள் வீடுகளில் இரண்டு கிழமையாகத் திரும்பத் திரும்ப ஓடிய அந்தக் காட்சியை அவர் கண்டிருக்கவில்லை.

பெரியம்மா கஞ்சிக் கிண்ணத்தை மேசையில் வைத்தார். "இதைத்தானே அங்கை றோட்டிலை நிண்டு குடுத்தவை. இஞ்சையும் கொண்டந்திட்டியோ?"

அதுவரை அவரை நீங்கள் என்றுதான் பெரியம்மா கூப்பிட்டு வந்தார்.

அன்ரிக்கு விளங்கவில்லை. தட்டத்தைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். பெரியம்மாவின் மூத்த மகள்தான் முன்னால் வந்து, பள்ளிக்கூடத்தில் பாடம் ஒப்புவிப்பதுபோலத் தட்டையான டேனிஷில், தொலைக்காட்சியில் என்ன காட்டினார்கள் என்று சொன்னாள். அன்ரியின் முகத்திலிருந்து சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. "நான் காணேல்லை. தெரியாது நங்கி. சத்தியமா எனக்குத் தெரியாது" என்றார். தட்டத்தைத் திரும்ப மூடப் பார்த்தார். அவசரத்தில் வெள்ளித்தாள் கிழிந்தது. கிழிந்த துண்டை வைத்து மறைக்கப் பார்த்தார். அதுவும் கிழிந்தது.

"சகோதரி…" என்று போதகர் தொடங்கினார். எந்தச் சகோதரியைச் சொன்னார் என்று தெரியவில்லை. அன்பைப் பற்றி அவ்வளவு நேரம் பேசியதில் சொற்கள் தீர்ந்துபோய்விட்டனவோ என்னவோ, மிச்சத்தைத் தன் சப்பாத்துக்களைப் பார்த்தபடி விழுங்கிவிட்டார்.

அம்மா கதிரையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

"இருந்து கஞ்சியைக் குடி" என்றார் பெரியம்மா. குரலை உயர்த்தவில்லை. "அதைத் தொட்டியெண்டால் இண்டையோடை உனக்கு அக்கா இல்லை. சொல்லிப்போட்டன்."

அம்மாவின் முகங்கள் எனக்கு நன்றாகத் தெரியும். கோபத்து முகம், அழுகிற முகம், சம்பளம் காணாத மாதத்து முகம், ஜெபிக்கிற முகம். அப்போது நான் கண்டது இவற்றில் ஒன்றும் இல்லை. அதற்கு முன்னும் காணவில்லை, பிறகும் காணவில்லை. காலையில் சன்னலில் பார்த்ததுபோலவே கொஞ்சத்துக்குமேல் அதை நேராகப் பார்க்க முடியாமல் இருந்தது. முதலில் பெரியம்மாவைப் பார்த்தார். நீளமாக, அன்பாக, பயணம் போகிறவர்களைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். பிறகு மெல்ல நடந்தார். மூன்று நாள் பட்டினியில் கால் சரியாக ஊன்றவில்லை. மேசை ஓரத்தைத் தடவித் தடவிப் போனார். அன்ரியின் கையிலிருந்து தட்டத்தை வாங்கினார். மேசையில் வைத்தார். கிழிந்த தாளை எடுத்து மடித்து ஒரு பக்கம் வைத்தார். கண்ணை மூடி "ஸ்தோத்திரம் ஆண்டவரே" என்றார். நாற்பது நாள் மணிக்கணக்காக ஜெபித்த அம்மாவின் ஆகக் குறுகிய ஜெபம் அது.

ஒரு துண்டை எடுத்தார். பாதியைக் கடித்தார். மென்றார். வெகு நேரம் மென்றார். விழுங்கினார்.

"உப்பு அளவாய்த்தான் இருக்கக்கா" என்றார். கையில் இருந்த மற்றப் பாதியை அன்ரியின் வாய்க்கு நேரே நீட்டினார். "நீங்களும் சாப்பிடுங்கோ. மூண்டு நாளாய் நீங்களும்தானே ஒண்டும் தின்னேல்லை. வேலையிலை உங்கடை சாப்பாட்டுப் பெட்டி திறக்காமலே வீட்டை போகுது, நான் கண்டனான்."

சிங்கள அன்ரி வாயைத் திறந்தார். அந்தச் சோறு உள்ளே போவதற்கு முன்னரே அழத் தொடங்கிவிட்டார். அழுதுகொண்டே மென்றார். மாமாவுக்காக யாருக்கும் சொல்லாமல் அவரும் உபவாசம் இருந்திருக்கிறார் என்பது அப்போதுதான் எல்லோருக்கும் விளங்கியது. அது மண்டபத்தை மாற்றியிருக்கவேண்டும். கதைகளில் மாற்றும். பெரியம்மா கைப்பையை எடுத்தார். பிள்ளைகளின் கோட்டுகளை எடுத்தார். பிறகு, எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, கஞ்சிப் பானையின் மூடியைச் சரியாக மூடிப் பெரியப்பாவைத் தூக்கச் சொன்னார். பெரியப்பா அம்மாவைப் பார்த்தார், பெண்சாதியைப் பார்த்தார், பானையைத் தூக்கினார். அவர்களுக்குப் பின்னால் இன்னும் பல குடும்பங்கள் எழுந்தன. கதிரைகள் நகரும் சத்தம் முடிய வெகு நேரம் எடுத்தது.

மண்டபத்தைப் பார்க்கிற டேனிஷ் கிழவர் அந்த நேரம் பார்த்துத்தான் கதவு பூட்ட வந்தார். கதவை விரியப் பிடித்துக்கொண்டு, வெளியேறுகிற ஒவ்வொருவருக்கும் தலைகுனிந்து நல்ல பெந்தெகொஸ்தே வாழ்த்துச் சொன்னார். பானையோடு போன பெரியப்பாவுக்கும் சொன்னார். பெரியப்பா பழக்கதோசத்தில் நன்றி சொன்னார். கிழவர் உள்ளே வந்து மேசையைப் பார்த்ததும் கண் விரிந்தது. "ரிசன்குரூத்! கோடையிலா?" டேனிஷ்காரர் நத்தார் பண்டிகைக்குக் காய்ச்சும் பால்க்கஞ்சியின் பெயர் அது. ஒருவரையும் கேளாமல் ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டார், தலையாட்டினார், கறுவாத்தூள் எங்கே என்று கேட்டார்.

அம்மா சிரித்தார். மாசி மாதத்துக்குப் பிறகு அன்றுதான் அந்தச் சிரிப்பைக் கேட்டேன்.

கடைசி வரிசையிலிருந்து அப்பா எழுந்து வந்தார். அம்மாவுக்குப் பக்கத்தில் நின்று ஒரு துண்டு தின்றார். பிறகு இன்னொன்று. போதகரும் வந்தார், அவருடைய கை கொஞ்சம் தயங்கித்தான் நீண்டது, ஆனால் நீண்டது. நான் ஓரத்துத் துண்டுகள் முழுவதையும் தின்றேன். அடிபட அன்று ஆளில்லை.

வீட்டுக்குப் போகும்போது காருக்குள் அக்கா டேனிஷில் வெடித்தாள். எப்படி உங்களால் முடிந்தது, அங்கே எங்கள் சனத்தைக் கொன்றுவிட்டு ஆடினார்கள், நீங்கள் அதைச் சாப்பிட்டீர்கள் என்றாள்.

"அவவோ கொன்றது?" என்று அம்மா கேட்டார்.

யாராவது ஒருவர் அதற்குப் பதில் சொல்லத்தானே வேண்டும் என்றாள் அக்கா.

அம்மா சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். "மற்றவையின்ரை பாவத்தைச் சுமக்க ஒருத்தர் போதும் பிள்ளை. அவரைச் சிலுவையிலை ஏத்தியாச்சு. இன்னொருத்தியைத் தேடாதை."

நான் வயிறு நிறைந்து பாதித் தூக்கத்தில் இருந்தேன். அன்று எனக்கு விளங்கியது ஒன்றுதான்: அம்மாவுக்குப் பசி தாங்க முடியவில்லை. கஞ்சியைவிடப் பாற்சோறு ருசி, அதனால் அதை எடுத்தார். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. மாதங்கள் போய், மாமாவிடமிருந்து ஒரு சொல்லும் வராமல் போனபோது அந்த நினைப்பு கறுத்தது. பெரியம்மாவின் சின்ன மகள் தமிழ் வகுப்பில் என்னிடம் சொன்னாள்: "உன்ரை அம்மா அந்தச் சோத்தைத் தின்னாட்டி மாமா வந்திருப்பார்." நான் அதை நம்பினேன். கடவுளை ஒரு கடைக்காரர் என்றுதான் அப்போது எண்ணியிருந்தேன்: நாற்பது நாள் பட்டினி கொடுத்தால் ஒரு மாமா கிடைப்பார், அம்மா கடைசி நிமிடத்தில் சாமானைக் கைதவறி உடைத்துவிட்டார். எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழகம் வரை போன முதல் ஆள் நான். அங்கே ஒருவரும் இதைத் திருத்தவில்லை. அருளைக் கூலியாக யாரும் வாங்க முடியாது என்பது, வருடங்கள் கழித்து, அந்த மண்டபத்தில் அம்மா நடந்த நடையைத் திரும்பத் திரும்ப நினைத்ததில்தான் எனக்குப் பிடிபட்டது. கூலி கேட்க நினைத்திருந்தால் அவர் கதிரையிலேயே இருந்து கஞ்சியைக் குடித்திருப்பார். தம்பிக்காகத் தன்னிடம் இருந்த ஒரே காணிக்கையான அந்த உபவாசத்தைக்கூட தட்டத்தை மூடத் தவித்த ஒரு பெண்ணின் கைக்கு முன்னால் அவர் இறக்கி வைத்துவிட்டார்.

எனக்குத் தெரியாத இன்னொன்றும் இருந்தது. பெரியம்மா சொன்னால் சொன்னதுதான். வாழ்நாளில் ஒரு சொல்லையும் திருப்பி எடுத்தவரில்லை. மண்டபத்தில் அதை ஆக நன்றாக அறிந்திருந்தவர் அம்மா. தட்டத்தைத் தொடுவதற்கு முன்னரே அவருக்கு விலை தெரியும்.

போனவர்கள் வேறிடத்தில் வேறு சபையாகக் கூடினார்கள். மிஞ்சிய எங்களால் மண்டப வாடகையைத் தாங்க முடியவில்லை. எங்கள் வீட்டு முன்னறையில் கூடத் தொடங்கினோம். சிங்கள அன்ரி ஒரு ஞாயிறும் தவறவில்லை, ஆனால் பாற்சோறு மட்டும் பிறகு ஒருநாளும் காய்ச்சவில்லை. மாமாவைப் பற்றி இன்றுவரை தகவல் இல்லை. பெரியம்மாவின் மூத்த மகளுக்குக் கலியாணம் நடந்தது. ஹேர்னிங்கில் உள்ள அத்தனை தமிழ் வீடுகளுக்கும் அழைப்புப் போனது, எங்களுக்கு இல்லை. பெரியம்மா இரண்டு தெரு தள்ளித்தான் இருக்கிறார். கடையில் எதிர்ப்பட்டால் தள்ளுவண்டியைத் திருப்பிக்கொண்டு அடுத்த வரிசைக்குள் போய்விடுவார். அவருடைய தலை மறையும்வரை அம்மா நின்ற இடத்திலேயே நிற்பார்.

அரைத் துண்டுப் பாற்சோறு அம்மா தின்றது. அதற்குக் கொடுத்தது ஓர் அக்காவை. தாயும் தகப்பனும் போய், தம்பியும் இல்லாமற்போன பின் கூடப்பிறந்தவர் என்று அம்மாவுக்கு மிஞ்சியிருந்தவர் அந்த ஒருவர்தான்.